மிளகுக்குத் தயிர்ச்சோறு ஆகாது

கோயம்புத்தூர் உக்கடத்தில் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கும் அப்துல் நாசருக்கு 'வேண்டாம்' என்ற சொல் மட்டும் வாயில் வராது. பச்சை ரெக்சினில் ஆரஞ்சுப் பட்டை வைத்துத் தைக்கச் சொன்னாலும், "ஆகட்டுங்க, நல்லா எடுப்பா இருக்கும்" என்பார். மதியம் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு பக்கத்துக் கடைக்காரர் டிபன் பாக்ஸை நீட்டினால், மறுபடியும் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார். இப்படி ஊரார் நீட்டியதையெல்லாம் தின்றுதான் நெஞ்சில் ஸ்டென்ட் வைக்கும்படி ஆயிற்று என்பது அவர் மனைவி உம்மல் குல்சுமின் தீர்ப்பு. அதில் பெரிய தப்பு ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். நாசர் ஆகட்டுங்க என்றார். அதோடு சரி. அவரை உண்மையில் நடக்க வைத்தது ஒரு நாய். ஒரு மழை நாளில் கடைக்குப் பின்னால் கொட்டி வைத்திருந்த ஃபோம் துண்டுகளுக்குள் புகுந்து தூங்கிய குட்டி அது. தலையிலிருந்து வால் நுனி வரை கறுப்பு, ஒரு வெள்ளை மயிர் கிடையாது. தாராபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்த மகள் ரம்ஷா வீடியோ காலில் அதைப் பார்த்துவிட்டு மிளகு என்று பெயர் வைத்தாள்.

வளர்ந்த பிறகு மிளகுக்கு ஒரு பழக்கம் வந்தது. காலையில் நாசர் படியிறங்கி வந்ததும் அவர் கைலியை ஒருமுறை முகர்ந்து பார்க்கும். பிறகு வாலாங்குளத்துப் பக்கமாக நாலடி போய்த் திரும்பிப் பார்த்து நிற்கும். குரைக்காது, வாலை ஆட்டாது. அவர் வரும் வரை பார்த்துக்கொண்டே நிற்கும். ஒருவர் அப்படி நின்று கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்ல நாசரால் முடியுமா? போனார். தினமும் போனார். மாடிப்படி ஏறும்போது வாங்கிய மூச்சு வாங்காமலாயிற்று. அடுத்த முறை பரிசோதித்த டாக்டர் பலே என்று தட்டிக்கொடுத்தபோது, "எல்லாம் உங்க மருந்துதாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, பாராட்டுக்கு உரியவருக்கு ஒரு க்ரீம் பன் வாங்கிப் போட்டார்.

வீடு கடைக்கு மேலேயே இருந்தது. நாய் வாய் வைத்த பாத்திரம் வீட்டுக்குள் வரக் கூடாது என்பது குல்சுமின் சட்டம். மிளகின் அலுமினியத் தட்டு படிக்குக் கீழேயே கிடக்கும். அவளும் அங்கேயே வந்து சோறு போட்டுவிட்டுப் போவாள். மிளகும் முதல் படியில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. இருவருக்கும் அதில் சண்டையே வந்ததில்லை.

கடைக்கு நாலு கட்டடம் தள்ளி ஒரு சின்ன பைரவர் கோயில் இருக்கிறது. வம்பு அங்கிருந்துதான் வந்தது. கோயம்புத்தூரில் ஜோசியருக்கும் பஞ்சமில்லை, ஜோசியரிடம் போகிறவர்களின் கஷ்டத்துக்கும் பஞ்சமில்லை. சனிக்கிழமை கறுப்பு நாய்க்குத் தயிர்ச்சோறு போடுங்கள் என்று அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ஒரு பொட்டு வெள்ளை இல்லாத கறுப்பு நாய்க்கு எங்கே போவது? தெருவில் இருப்பதெல்லாம் செவலையும் சாம்பலும்தான். பைரவரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் சீட் கவர் கடை வாசலில் அச்சு அசலாக அவருடைய வாகனம் போலவே மிளகு படுத்திருக்கும். பெண் அமையாத பையனுக்கும், இழுத்துக்கொண்டே போகும் பாகப்பிரிவினை வழக்குக்கும், கனடா விசாவுக்கும் பரிகாரமாக வந்த தயிர்ச்சோறு எல்லாம் ஒரே வயிற்றில் போய் இறங்கியது.

முதலில் மிளகு சொறிந்தது. பிறகு காதில் சீழ் வைத்தது. அப்புறம் வாந்தி, கழிச்சல். தெருவே கூடி வைத்தியம் சொன்னது. "சூடுங்க பாய். ஒடம்பு சூடு." நம் பக்கத்தில் வயிறு கெட்டால் அது சூடுதான், சூடு என்றால் அதற்குத் தயிர்தான், இதில் யாருக்கும் இரண்டாவது கருத்து கிடையாது. ஆகவே மிளகுக்கு நோய் கூடக் கூடத் தயிரும் கூடியது. குல்சும் கூட மாடியிலிருந்து மோர் கரைத்துக் கொடுத்தாள். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் வாலாங்குளத்துக்குப் போகும் பாதி வழியில் அது உட்கார்ந்துவிட்டது. கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும் நாசர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். தூக்குவதற்குக் கனமே இல்லை என்பதுதான் அவரைப் பயமுறுத்தியது.

கால்நடை மருத்துவர் ஆல்வினிடம் போனார்கள். சின்ன வயது, ஆனால் கேள்வி கேட்பதில் பொறுமைசாலி.

"இது என்னென்னங்க சாப்பிடும்?"

"கோழி, மட்டன், மாட்டுக்கறி, முட்டை, பரோட்டா, பன்னு, பிரியாணி, தயிர்ச்சோறு..."

"நீங்க சாப்பிடறதெல்லாம் அதுக்கும்னு சொல்லுங்க."

"இல்லீங்க டாக்டர். எனக்கு அதெல்லாம் நிறுத்திப்போட்டாங்க. அதனாலதான் அதுக்கு."

ஆல்வின் சிரிக்கவில்லை. மிளகின் வயிற்றை அழுத்திப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், ஸ்கேன் பண்ணினார். பிறகு உட்கார வைத்துச் சொன்னார். இது சூடு இல்லை. ஏதோ ஒரு சாப்பாடு இதன் உடம்புக்கு ஒவ்வவில்லை, அதைத் திரும்பத் திரும்பத் தின்று குடல் முழுக்கப் புண்ணாகிவிட்டது. பால், தயிர், கோழி இவற்றின் மேல்தான் அவருக்குச் சந்தேகம்.

"இதுவரைக்கும் இது வாயிலயே வெக்காத ஒண்ணு சொல்லுங்க."

நாசர் யோசித்துப் பார்த்து மீன் என்றார். முள் குத்திவிடும் என்று குல்சும் மீனை மட்டும் போட்டதில்லை.

"அப்ப மீனு. கூட வெறுஞ்சோறு, வேக வெச்ச அரசாணிக்காய். உப்பு, மஞ்சள், எண்ணெய் ஒண்ணும் வேண்டாங்க. எட்டு வாரத்துக்கு வேற ஒரு பருக்கை உள்ள போகக் கூடாது. ஒரு வாய் தயிர் போனாலும் பண்ணுனது அத்தனையும் வீணுங்க. குடல் ரொம்ப நொந்து கெடக்குது. இந்தத் தடவை நின்னு புடிச்சாத்தான் பொழைக்கும்."

நாசர் ஆகட்டுங்க என்றார்.

குல்சும் மார்க்கெட்டில் மத்தியும், வெளியூரார் பரங்கிக்காய் என்கிற அரசாணிக்காயும் வாங்கினாள். மீனை வேக வைத்து ஒவ்வொரு முள்ளாக விரலால் தடவி எடுத்தாள். மஞ்சளும் உப்பும் போடாமல் மீன் ஆக்கியது தெரிந்தால் அவளுடைய அம்மா கபரிலிருந்து எழுந்து வந்துவிடுவார் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் எடுத்தாள். மேலே ஒருவருக்கும் கீழே ஒருவருக்கும் உப்பில்லாமல் சமைக்கும் பெண்ணாக அவள் ஆகிவிட்டிருந்தாள். நாலைந்து நாளிலேயே மிளகு சொறிவது குறைந்தது. நாசர் அல்ஹம்துலில்லாஹ் என்றார். அப்புறம் சனிக்கிழமை வந்தது.

காலையிலேயே மிளகைப் பின்னறையில் விட்டுக் கதவைச் சாத்தினார். வந்தவர்களிடம் "எங்கியோ சுத்தப் போயிருச்சுங்க" என்றார். அவர்களும் நம்பிப் போய்விட்டார்கள். ஆனால் ராமாத்தாள் வந்தபோது அந்தத் தந்திரம் பலிக்கவில்லை.

ராமாத்தாள் அன்னூர்ப் பக்கத்துக்காரர். சனிக்கிழமைதோறும் விடியும் முன்னே காய் ஏற்றிய வேனில் மார்க்கெட்டுக்கு வருவார். காய் விற்றுப் போனதும் தூக்குப்போசியில் தயிர்ச்சோற்றோடு பைரவர் கோயிலுக்கு வந்து, அங்கிருந்து நேராகக் கடை வாசலுக்கு வருவார். மற்றவர்கள் இலையில் வைத்துவிட்டுப் போவார்கள். இவர் தரையில் உட்கார்ந்து பிசைந்து ஊட்டிவிடுவார். இவருடைய மகளுக்கு ஏழாம் மாதத்தில் வயிற்றுப் பிள்ளை தவறிவிட்டது. அதிலிருந்து அந்தப் பெண் தாய்வீட்டில் ஒரே அறையில் படுத்துக் கிடக்கிறாள், யாரோடும் பேசுவதில்லை. அதற்காகத்தான் இந்தத் தயிர்ச்சோறு.

"மெளகு கண்ணு" என்று அவர் கூப்பிட்டதுதான் தாமதம், உள்ளே மிளகு கதவைப் பிறாண்டியது.

"ஏனுங்க பாய், உள்ளயா கெடக்குது? கதவைத் தெறந்து உடுங்க. ஒரு வாய் ஊட்டிப்போட்டுப் போயர்றேன்."

அந்த இடத்தில் நாசர் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல முடியவில்லை. அவருடைய சுபாவம் பாதிக் காரணம். மீதிப் பாதி அவருடைய தாடியும் தொப்பியும். அந்த அம்மாவின் வேண்டுதல் அவருடைய சாமிக்கு. அதை நிறுத்தச் சொல்ல தான் யார்? நாளைக்கு 'என்ற பரிகாரத்தை ஒரு பாய் நிறுத்திப்போட்டாரு' என்று அது போய்ச் சேரும் இடத்தை நினைத்தாலே அவருக்கு வியர்த்தது. ஒரு வாய்தானே என்று கதவைத் திறந்தார்.

திங்கட்கிழமை கழிச்சல். மருந்தில் கொஞ்சம் தேறி வெள்ளிக்கிழமை எழுந்து நடந்தது. சனிக்கிழமை மறுபடி ஒரு வாய். இப்படியே ஒவ்வொரு வாரமும் போயிற்று. ஆல்வின் மருந்தை மாற்றினார், ஊசியை மாற்றினார். "வேற எதும் குடுக்கலைங்கல்ல?" என்று கேட்டார். "நான் ஒண்ணுமே குடுக்கலைங்க" என்று நாசர் சொன்னார். தன் கையால் கொடுக்கவில்லை என்பது உண்மைதானே என்று தனக்கே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

ஒரு வியாழக்கிழமை மிளகுக்கு ரத்தமாகப் போயிற்று. டிரிப் ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆல்வின் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"மீனும் ஒத்துக்கலை போலிருக்குதுங்க. இனி என்கிட்ட பெரிசா ஒண்ணும் இல்லை. ஊட்டுக்குக் கொண்டு போய் வெச்சுக்குங்க."

மத்தி மேல் பழி விழுந்ததை நாசரால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்து குல்சுமிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. எத்தனை வாரம் அந்த மீனுக்கு முள் எடுத்தோம் என்று நினைத்துப் பார்த்தவள் போல விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, டாக்டருகிட்டப் பொய் சொல்லி மருந்து வாங்குனா அது எப்படீங்க கேக்கும்? மொதல்ல அவருக்குப் போனப் போட்டுச் சொல்லுங்க. நாளைக்குச் சனிக்கிழமை. அந்தம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் கீழ எறங்கி வரட்டுங்களா?"

ஆல்வினுக்குப் போன் செய்தார். எத்தனை வாரம், எவ்வளவு தயிர் என்று அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப மீன் மேல தப்பில்லைங்க. இன்னும் ஒரு வழி இருக்குது" என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நாசர் அன்று படுத்தார்.

மறுநாள் ராமாத்தாள் வந்தார். மிளகு ஃபோம் மேல் படுத்தபடி வாலை மட்டும் ஒரு தரம் தூக்கிப் போட்டது. அவர் பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "சோறு உள்ள போனாச் செரியாப் போயிரும் கண்ணு" என்று தூக்குப்போசியைத் திறந்தார். நாசர் குனிந்து அதன் வாயைத் தன் உள்ளங்கையால் மூடினார்.

"வேண்டாங்கக்கா."

சொல்லிவிட்டார். மீதியும் அதன் பின்னாலேயே வந்தது. டாக்டர் சொன்னது, எட்டு வாரக் கணக்கு, தயிர், ரத்தம், எல்லாம். ராமாத்தாள் கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் என்ன ஓடுகிறது என்று தெரியவில்லை.

"இது ஆகாதுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"டாக்டர் சொன்ன நாள்ல இருந்தே தெரியுங்க."

"தெரிஞ்சே பாத்துட்டு நின்னீங்களா?" குரல் தெரு முழுக்கக் கேட்டது. "என்ற மக வயித்துல இருந்தது போச்சேன்னுதான் நான் இங்க வந்து நிக்கிறது. இன்னொரு உசுரோட வயித்தக் கெடுத்துப்போட்டுப் போனா எனக்குப் புண்ணியமா சேரும்? என்னைய இத்தன வாரமா பாவத்துல தள்ளிப்போட்டீங்களே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்களக் கடிச்சா போட்டிருப்பேன்?"

"இல்லீங்கக்கா... உங்க வேண்டுதல்... மரியாதைக்குத்தான்..."

"மரியாதையாம்! அந்த மரியாதை எப்படி இருந்துச்சுன்னு மெளகுகிட்டக் கேளுங்க."

என்னென்னவோ ஆகும் என்று பயந்துகொண்டிருந்த நாசர் இதை எதிர்பார்க்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக, நெஞ்சின் மேல் கிடந்த பாரம் ஒன்று இறங்கியது. அறுபதை நெருங்கும் மனிதர் கடை வாசலில் நின்று தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் ராமாத்தாளுக்குக் கோபம் ஆறிப்போயிற்று. வந்த சோறு வீணாகக் கூடாது என்று தானே இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் அவர் பக்கமும் போசியை நீட்டினார்.

"வேண்டாங்கக்கா. எனக்கும் உப்பு ஆகாதுன்னுட்டாங்க" என்றார் நாசர். ஒரே காலையில் இரண்டாவது முறை. மேலே ஜன்னலில் நின்றிருந்த குல்சும் தன் காதையே நம்பவில்லை.

"அப்ப இதுக்கு என்னதாங்க போடறது?"

"மத்தி மீனும் அரசாணிக்காயும்தாங்க."

"அரசாணிக்காயா? என்ற காட்டுல காலுல இடறுதுங்க பாய்!"

அவர் சொல்லி முடிக்கவில்லை, கோயிலிலிருந்து இரண்டு பேர் டப்பாவோடு வந்தார்கள். நாசர் வாயைத் திறப்பதற்குள் ராமாத்தாள் எழுந்து குறுக்கே நின்றுவிட்டார்.

"ஏனுங்க, நாயிக்கு ஒடம்பு செரியில்லைங்க. தயிர் போட்டீங்கன்னா செத்துப்போயிரும். பரிகாரத்துக்கு வந்துபோட்டுப் பாவத்த வாங்கீட்டுப் போகாதீங்க."

நெற்றி நிறையத் திருநீறும் மணிக்கட்டில் கோயில் கயிறுமாக ஒரு அம்மா இப்படிச் சொன்னால் யார் எதிர்த்துப் பேசுவார்கள்? டப்பாவை மூடிக்கொண்டு போனார்கள். நாசர் நூறு தரம் சொல்லியிருந்தாலும் இந்த வேலை நடந்திருக்காது. அது அவருக்கும் தெரிந்தது.

மிளகுக்கு எட்டு வாரம் புதிதாகத் தொடங்கியது. சனிக்கிழமைதோறும் காய் வேனிலிருந்து இறங்கி வந்து, கடை வாசலில் ஃபோம் கட்டின் மேல் சட்டமாக உட்கார்ந்து, கோயில் கூட்டம் கலையும் வரை ராமாத்தாள் காவல் இருந்தார். வாயில்லாத ஜீவனுக்குச் சோறு போடுவதுதானே பரிகாரம், காப்பாற்றுவது அதைவிடக் குறைச்சலா என்று தன் சாமியிடம் அவரே பேசி முடித்துக்கொண்டார். எதையாவது போட்டே தீருவேன் என்று நின்றவர்களை அரசாணிக்காய் வாங்கி வரச் சொன்னார். அவர்களும் வாங்கி வந்தார்கள். படிக்கட்டு முழுக்க அரசாணிக்காய். குல்சும் பொரியலாகவும் கூட்டாகவும் அல்வாவாகவும் செய்து தெருவுக்கே கொடுத்தும் தீரவில்லை. ஊரார் கொண்டு வந்ததில் நாயைவிட நாசர்தான் அதிக அரசாணிக்காய் தின்றார்.

அவர்கள் எல்லாரையும் நினைத்து நாசருக்கு மனம் நிறைந்து போயிற்று. விசாவுக்கு வந்தவர், வழக்குக்கு வந்தவர், பேர் கூடத் தெரியாதவர்கள். தங்கள் கஷ்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், ஒரு நாய் பிழைக்க வேண்டும் என்று டப்பாவை மூடினார்களே! ஐந்து வேளைத் தொழுகையிலும் அவர்களுக்காகக் கேட்டார்.

மெல்ல மெல்லத்தான் தேறியது. கழிச்சல் நின்றது. காது ஆறியது. உதிர்ந்த இடத்தில் மயிர் முளைத்தது, அதுவும் கறுப்பாகவே. ஒருநாள் காலையில் நாசர் படியிறங்கி வந்தபோது மிளகு அவர் கைலியை முகர்ந்தது. வாலாங்குளத்துப் பக்கமாக நாலடி போய்த் திரும்பிப் பார்த்து நின்றது. அவருக்கு உடனே கால் எழவில்லை. குல்சும் ஜன்னலிலிருந்து, "நிக்க வெக்காதீங்க, போங்க" என்று அதட்டினாள்.

எட்டாவது வாரம் ஆல்வின் எடை பார்த்துவிட்டுச் சிரித்தார். தயிரும் கோழியும் ஆயுசுக்கும் ஆகாது, இதே சாப்பாட்டைத் தொடருங்கள், இனி பயமில்லை என்றார். அடுத்த சனிக்கிழமை ராமாத்தாள் வந்தபோது நாசர் ஒரு மெத்தையைக் கொடுத்தார். காய் வேனில் மரப்பலகை மேல் உட்கார்ந்து வருகிறவருக்காக, நல்ல ஃபோம் வைத்து, கருநீல ரெக்சினில் இரட்டைத் தையல் போட்டுத் தைத்தது. ராமாத்தாள் அதை அழுத்திப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

"இத வேண்டாம்னு சொல்ல மாட்டேனுங்க" என்றார். பிறகு மிளகின் முதுகைத் தடவியபடி, "இப்ப இதுக்குக் காய் பறிச்சு வெக்கறது என்ற மகதாங்க. போன வாரம் அவளா எந்திரிச்சுக் காட்டுக்குப் போனா. 'அந்த நாயி எப்படிம்மா இருக்குது'ன்னு கேட்டா. அது மட்டுந்தான் கேட்டா" என்றார்.

நாசர் ஊசியைக் கீழே வைத்தார். பல நாளாகக் கேட்க நினைத்துக் கூச்சத்தில் விட்டதை இப்போது கேட்டார்.

"அக்கா, உங்க மக பேரு என்னங்க?"

"எதுக்குங்க பாய்?"

"துவாவுல இத்தன நாளா 'அன்னூர் அக்கா மக'ன்னுதாங்க கேட்டுட்டு வாரேன். பேரு தெரிஞ்சா பேரச் சொல்லிக் கேப்பனுங்க."

அத்தனை வாரம் தெருவையே அதட்டிக்கொண்டிருந்த அம்மா அவரையே பார்த்தார். மடியிலிருந்த மெத்தையின் தையலை விரலால் நீவிக்கொண்டே இருந்தார்.

"இளவேனில்ங்க" என்றார் கடைசியில். "போன எடத்துல எல்லாம் அவ ராசி கேட்டாங்க, நட்சத்திரம் கேட்டாங்க. பேரு கேட்டது நீங்க ஒருத்தருதாங்க."

நாசர் மறந்துவிடக் கூடாதே என்று அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். குல்சும் மிளகின் தட்டில் வைக்க மீனும் அரசாணிக்காயும் எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள்.